நவம்பரை மறைத்த பெட்டி

"நவம்பர் மாசத்தக் காணோமே தம்பி?"

குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கேட்டார். திரையில் நான் காட்டிக்கொண்டிருந்தது, சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளின் 2015ஆம் ஆண்டு நீர் இருப்பு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிக்கு நான்கு கோடு. இடது ஓரத்தில் ஜனவரி, வலது ஓரத்தில் டிசம்பர். ஆண்டின் பெரும்பகுதி தாழ்ந்தே கிடந்த கோடுகள் நவம்பரில்தான் விறுவிறுவென்று மேலே ஏறும். அந்த ஏற்றத்தைக் காட்டத்தான் படமே போட்டேன். ஆனால் ஏற்றம் நடக்கிற அதே வலது மேல் மூலையில், எந்த நிறம் எந்த ஏரி என்று சொல்லும் பெட்டி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"அந்தப் பெட்டிக்குப் பின்னாடி இருக்கும்மா" என்றேன்.

"பின்னாடி இருந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதில் இல்லை. அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து நிரலைத் திறந்து பார்த்தால், பெட்டியின் இடத்துக்கு 'அப்பர் ரைட்' என்று யாரோ எழுதி வைத்திருந்தது தெரிந்தது. யாரோ என்ன, நானேதான். சில ஆண்டுகளுக்கு முன் வேறு ஏதோ வேலைக்கு எழுதிய நிரலை அப்படியே எடுத்து ஓட்டியிருக்கிறேன்.

அந்தப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் லெஜண்ட் என்று பெயர். தமிழில் குறிவிளக்கம் என்கிறோம். லத்தீனில் லெகெண்டா என்றால் 'படிக்கப்பட வேண்டியவை'. முதலில் தேவாலயங்களில் படிக்கப்பட்ட புனிதர்களின் வரலாறுகளுக்கு அந்தப் பெயர் இருந்தது. பிறகு நம்ப முடியாத பழங்கதைகளுக்கும் அதுவே பெயராயிற்று. நிலப்படத்தின் ஓரத்தில் இருக்கும் விளக்கத்துக்கும் அதே சொல்தான். படத்தைப் படிக்கும் முன் படிக்க வேண்டியது என்ற பொருளில் பார்த்தால் பொருத்தமான பெயர். என் படத்தில் மட்டும் அதைத் தவிர வேறு எதையும் படிக்க முடியவில்லை.

வரைபடம் வரைய நான் பயன்படுத்துவது மேட்பிளாட்லிப். பைத்தான் மொழியில் எண்களோடு புழங்குகிறவர்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் பழக்கமான நிரலகம். இதை எழுதத் தொடங்கியவர் ஜான் ஹண்டர் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளையிலிருந்து பதிவான மின்னலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அவற்றை வரைந்து பார்க்க ஒரு கருவி அவருக்குத் தேவைப்பட்டது. அதுவரை கைவசம் இருந்தது மேட்லேப் என்ற விலைகொடுத்து வாங்கும் மென்பொருள். அதன் சாயலிலேயே இலவசமான ஒன்றை எழுதி 2003இல் வெளியிட்டார். 2012இல் புற்றுநோய்ச் சிகிச்சையில் ஏற்பட்ட சிக்கல்களால் இறந்துபோனார். அவர் விட்டுப்போன நிரலை இன்றும் பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள்.

அந்த நிரலகத்தில் நீண்ட காலம் குறிவிளக்கப் பெட்டியின் பிறந்த இடம் வலது மேல் மூலைதான். வேறு இடம் சொல்லாவிட்டால் அங்கே போய் உட்காரும். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கணக்குத் தேர்வின் வரைபடக் கேள்விக்கு "அளவுத்திட்டத்த வலது பக்கம் மேல போடுடா" என்று வாத்தியார் சொல்லிச் சொல்லி, நம் கை தானாகவே அந்த மூலைக்குப் போகும். 2017 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பில்தான் மேட்பிளாட்லிப் இந்தப் பழக்கத்தை விட்டது. அதன்பின் இடம் சொல்லாத பெட்டி, 'பெஸ்ட்' என்ற முறைப்படி தானே இடம் தேடிக்கொள்கிறது.

வலது மேல் மூலை பொதுவாக மோசமான இடம் என்று சொல்லமாட்டேன். அது ஊரைப் பொறுத்தது. மும்பையின் மாத மழையை ஜனவரி முதல் டிசம்பர் வரை வரைந்து பாருங்கள். மழை ஜூனில் ஏறி ஜூலையில் உச்சம் தொட்டு அக்டோபருக்குள் இறங்கிவிடும். படத்தின் நடுவே ஒரு குன்று, இரு பக்கமும் வெட்டவெளி. வலது மேல் மூலையில் பெட்டியை வைத்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. சென்னை அப்படியில்லை. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் கொட்டிவிடும். அதாவது படத்தின் வலது ஓரத்தில், உயரமாக. தென்மேற்குப் பருவமழைக்கு ஒத்துப்போகும் மூலை வடகிழக்குப் பருவமழைக்கு ஒத்துவராது.

பெட்டியை நகர்த்தாமல் ஆண்டையே நகர்த்தவும் வழி உண்டு. நீரியல் துறையில் ஜூன் முதல் மே வரை ஒரு 'நீர் ஆண்டு' என்று கணக்கு வைப்பார்கள். அப்படி வரைந்தால் நவம்பர் படத்தின் நடுவுக்கு வந்துவிடும். வலது ஓரத்தில் ஏப்ரலும் மேயும் வறண்டு கிடக்கும். அங்கே பெட்டி தாராளமாகக் குடியேறலாம். ஆனால் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு ஆண்டு என்றால் ஜனவரிதான் முதல். அதை விளக்கவே பத்து நிமிடம் போயிருக்கும்.

சரி, 'பெஸ்ட்' என்று விட்டிருந்தால் என்ன செய்திருக்கும்? அதன் மூலநிரலை யாரும் திறந்து பார்க்கலாம். பார்த்தேன். எதிர்பார்த்ததைவிட எளிமையானது.

படத்தை நவக்கிரக சன்னிதி போல மூன்றுக்கு மூன்று கட்டங்களாக எண்ணிக்கொள்ளுங்கள். நான்கு மூலை, நான்கு பக்கங்களின் நடு, பிறகு நட்டநடு. ஒன்பது இடம். நிரலோ ஒன்று முதல் பத்து வரை எண் கொடுத்திருக்கிறது. 'ரைட்' என்ற ஐந்தாம் எண்ணும் 'சென்டர் ரைட்' என்ற ஏழாம் எண்ணும் ஒரே இடம். பழைய நிரல்கள் உடைந்துவிடக் கூடாதே என்று இரண்டையும் வைத்திருக்கிறார்கள். ஒரே வீட்டுக்குப் பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று இரண்டு பலகை மாட்டியிருப்பது போல.

பெட்டி, பேருந்தில் ஏறிய பயணி மாதிரி ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்க்கிறது. முதலில் வலது மேல் மூலை. இங்கே உட்கார்ந்தால் எத்தனை தரவுப் புள்ளிகள் எனக்கு அடியில் நசுங்கும், எத்தனை பட்டைகள் என்மேல் இடிக்கும், எத்தனை கோடுகள் என்னைக் கடந்து போகும் என்று எண்ணி, எல்லாவற்றையும் கூட்டி ஒரு எண் போடுகிறது. நிரலில் அந்த எண்ணுக்குப் பெயரே 'பேட்னஸ்', கெடுதல். கெடுதல் பூஜ்யம் என்றால் உடனே துண்டைப் போட்டு உட்கார்ந்துவிடும், அடுத்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. இல்லாவிட்டால் இடது மேல், இடது கீழ், வலது கீழ் என்று நகர்ந்து, கடைசியில் நட்டநடு வரை போகும். பத்திலும் நெரிசல் என்றால், இருப்பதில் கெடுதல் குறைந்த இடம். இரண்டு இடங்கள் சமமாக வந்தால் எண்ணில் முந்தியது ஜெயிக்கும்.

நவக்கிரகத்தில் சூரியனுக்கு நடு இடம். இங்கே அந்த இடம் வரிசையில் கடைசி. படத்தின் நடுவில் பெட்டி வைப்பது, கல்யாண வீட்டில் வாசலை மறித்துக்கொண்டு நிற்பது போலத்தான்.

2015ஆம் ஆண்டுப் படத்தில் இந்த முறை வேலை செய்கிறது. வலது மேல் மூலையில் கோடுகள் குறுக்கே வரும், கெடுதல் பூஜ்யம் ஆகாது. அடுத்து இடது மேல் மூலை. அங்கே ஒன்றும் இல்லை. உட்கார்ந்துவிடும். 'அப்பர் ரைட்' என்பதை மட்டும் நான் நிரலிலிருந்து நீக்கியிருந்தால் கூட்டத்தில் மானம் போயிருக்காது.

ஆனாலும் இந்த முறையை முழுக்க நம்புவதற்கில்லை. அது எண்ணுவது புள்ளிகளை. கண்ணுக்குத் தெரியும் மையை அது எண்ணுவதில்லை. ஒரு ஏரியின் இருப்பை நாள்தோறும் பதிந்து ஒரு கோடும், இன்னொரு ஏரிக்கு மாதம் ஒரு புள்ளி வீதம் ஒரு கோடும் வரைகிறீர்கள் என்று வையுங்கள். திரையில் இரண்டும் ஒரே தடிமனான கோடுகள்தான். முதல் கோட்டில் மூன்று மாதத்தை மறைத்தால் தொண்ணூற்றுச் சொச்சம் கெடுதல். இரண்டாவதில் அதே மூன்று மாதத்தை மறைத்தால் நான்கு. நெரிசலான படத்தில் பெட்டி தயங்காமல் இரண்டாவது ஏரியின் மேல் போய் உட்காரும். அடிக்கடி அளக்கப்பட்டவனுக்குத்தான் ஓட்டு அதிகம். புள்ளிகள் லட்சக்கணக்கில் இருந்தால் இந்தத் தேடலே மெதுவாகிவிடும் என்பது தனி. ஆவணமே அதை ஒப்புக்கொள்கிறது.

பெரிய குறை வேறு. காலியான இடமெல்லாம் வீணான இடம் என்று அது நினைக்கிறது. 2019ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடையில் நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வற்றிப்போயின. ஜூனில் கோடுகள் தரையை உரசிக்கொண்டு ஓடும். ஏரிகளின் முழுக் கொள்ளளவு பூண்டிக்கு 3,231 மில்லியன் கன அடி, சோழவரத்துக்கு 1,081, புழலுக்கு 3,300, செம்பரம்பாக்கத்துக்கு 3,645. மொத்தம் 11,257. நிலைக்குத்து அச்சை இந்த அளவுகளுக்கு ஏற்ப உயரமாக வைத்து வரைந்தால், தரையோடு கிடக்கும் கோடுகளுக்கு மேலே பெரிய வெள்ளைப் பரப்பு தெரியும். அந்த வெள்ளைதான் செய்தி. இவ்வளவு தண்ணீர் இருந்திருக்க வேண்டும், இல்லை என்பதைச் சொல்வது அந்த வெற்றிடம். 'பெஸ்ட்' அங்கே கெடுதல் பூஜ்யம் என்று கணக்குப் போட்டுப் பெட்டியைக் கட்டிவிடும். வறண்ட ஏரியைக் காலி மனை என்று பார்க்கும் கண் அது. இந்த ஊரில் அந்தக் கண்ணால் நாம் பட்டது போதாதா?

நிரலின் தேர்வு பிடிக்காதவர்கள் பெட்டியைக் கையால் வைக்கலாம். இதற்கு 'பிபாக்ஸ் டு ஆங்கர்' என்று ஒரு வசதி உண்டு. புதிதாகப் படிக்கிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். நானும் ஒரு முழு மாலை தடுமாறியிருக்கிறேன்.

சுவரில் தினசரி காலண்டர் மாட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விஷயம் முடிவாக வேண்டும். ஆணியைச் சுவரில் எங்கே அடிப்பது, காலண்டரின் எந்தப் பகுதியில் ஓட்டை போடுவது. 'பிபாக்ஸ் டு ஆங்கர்' என்பது ஆணி. படச் சட்டத்தின் இடது கீழ் மூலை (0, 0), வலது மேல் மூலை (1, 1) என்று வைத்து ஆணியின் இடத்தைச் சொல்ல வேண்டும். 'லோக்' என்பது ஓட்டை. குழப்பம் இங்கேதான் வருகிறது. ஆணி இல்லாதபோது 'லோக்' என்றால் படத்தில் எந்த இடம் என்று பொருள். ஆணி அடித்தவுடன் அதே சொல்லுக்குப் பெட்டியின் எந்த மூலை என்று பொருள் மாறிவிடுகிறது. ஆணி (1.02, 1)இல் இருக்கிறது, ஓட்டை பெட்டியின் இடது மேல் மூலையில் என்றால், பெட்டி சட்டத்துக்கு வெளியே வலப்பக்கம் தொங்கும். ஆணியைத் தொடாமல் ஓட்டையை மட்டும் வலது மேல் மூலைக்கு மாற்றினால், பெட்டி கிட்டத்தட்ட முழுக்க உள்ளே வந்து மறுபடியும் நவம்பர் மேல் விழும். வெளியே தள்ள நினைத்து 'அப்பர் ரைட்' என்று எழுதிவிட்டு, ஏன் போக மாட்டேன் என்கிறது என்று எண்ணை 1.1, 1.2, 1.3 என்று ஏற்றிக்கொண்டே போனவர்கள் கையைத் தூக்கலாம். முதல் கை என்னுடையது.

ஆணிக்கு இரண்டு எண்ணுக்குப் பதில் நான்கு எண் கொடுத்தால், அது ஒரு நீளமான தடுக்காக மாறிவிடும். சட்டத்தின் தலைக்கு மேலே, அதன் முழு அகலத்துக்கும் ஒரு தடுக்கை விரித்து, நான்கு ஏரிகளின் பெயரையும் ஒரே வரிசையில் பந்தி மாதிரி உட்கார வைக்கலாம். தலைப்புக்குக் கீழே, கோடுகளுக்கு மேலே. பெட்டியாகவே வைத்தாக வேண்டும் என்றால் எனக்கு இதுதான் பிடிக்கும். படிக்கிறவர் மேலிருந்து கீழாக வரும்போது பெயர்களைத் தாண்டித்தான் கோட்டுக்கு வருவார்.

பெட்டியை வெளியே வைப்பதில் ஒரு பொறி இருக்கிறது. திரையில் பார்க்கும்போது சரியாக இருக்கும். கோப்பாகச் சேமித்து அனுப்பினால் பாதிப் பெட்டி வெட்டுப்பட்டு, 'செம்பரம்' வரைக்கும்தான் இருக்கும். காரணம், நான் நிரல் எழுதி ஓட்டும் ஜூபிட்டர் நோட்புக், படத்தைக் காட்டும்போது வெளியே நீட்டிக்கொண்டிருப்பதையும் சேர்த்து ஓரங்களை ஒட்ட வெட்டித்தான் காட்டுகிறது. நீங்களாகச் சேமிக்கும்போது அந்தச் சலுகை இல்லை, தாளின் விளிம்போடு கத்தரி விழும். சேமிக்கும் கட்டளையிலும் 'டைட்' என்று சொல்ல வேண்டும். 2023இல் வந்த 3.7 பதிப்பில் இதற்கு இன்னும் நேர்த்தியான வழி வந்தது. இட ஒதுக்கீட்டை நிரலகத்திடமே விட்டுவிட்டு 'அவுட்சைட்' என்று சொன்னால், பெட்டிக்கு வேண்டிய அகலத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டுப் படத்தை அதற்கேற்பச் சுருக்கிக்கொள்கிறது.

ஆர் என்ற நிரல்மொழியில் ஹாட்லி விக்கம் எழுதிய ஜிஜிபிளாட்2 என்ற நிரலகம் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். அங்கே பெட்டி பிறக்கும்போதே படத்துக்கு வெளியே வலப்பக்கம். தரவை ஒருபோதும் மறைக்காது, அதற்குக் கூலியாகப் படத்தின் அகலத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கைப்பேசித் திரையில் அந்தப் பங்கு கொஞ்சம் வலிக்கும்.

இவ்வளவு பாடுபட்டுப் பெட்டியை எங்கே வைத்தாலும் ஒரு தொல்லை மிச்சம் இருக்கிறது. அது கண்ணில் இருக்கிறது.

நம் கண் ஒரே சமயத்தில் கூர்மையாகப் பார்க்கும் பரப்பு மிகச் சிறியது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு அகலம் தெரியுமோ ஏறத்தாழ அவ்வளவு. கோணக் கணக்கில் சுமார் 2 டிகிரி. மற்றதெல்லாம் மங்கல்தான். கண் தாவித் தாவிப் பார்ப்பதாலும், தாவும்போது வரும் கலங்கலை மூளை மறைத்துவிடுவதாலும் முழுப் படமும் தெளிவாகத் தெரிவதாக நமக்குத் தோன்றுகிறது. கோட்டைப் பார்த்துவிட்டு, அதன் நிறத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, பெட்டிக்குத் தாவி, அங்கே அந்த நிறத்தைத் தேடி, பெயரைப் படித்து, பெயரை மனத்தில் ஏந்திக்கொண்டு, கோட்டுக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் எந்தக் கோடு என்பது மறந்திருக்கும். ஸ்டீவன் லக், எட்வர்ட் வோகல் என்ற இருவர் 1997இல் 'நேச்சர்' இதழில் எழுதிய ஆய்வு, இந்தக் குறுகிய காலப் பார்வை நினைவில் சுமார் நான்கு பொருட்களைத்தான் வைத்திருக்க முடிகிறது என்று காட்டியது. நான்கு ஏரி என்றால் தப்பித்தோம். எட்டு மாவட்டம் என்றால்?

நிறத்திலும் ஒரு வம்பு உண்டு. மேட்பிளாட்லிப் தானாகக் கொடுக்கும் முதல் நான்கு நிறங்கள் நீலம், ஆரஞ்சு, பச்சை, சிவப்பு. நான் வரைந்த வரிசையில் மூன்றாவது புழல், நான்காவது செம்பரம்பாக்கம். நான்கில் பெரிய இரண்டு ஏரிகளும், சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களின் கண்ணில் ஒன்றோடொன்று குழம்பக்கூடிய நிறங்களைப் பெற்றிருந்தன. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கு இந்தக் குறை ஏதோ ஓர் அளவில் உண்டு. அப்படிப்பட்டவருக்குப் பெட்டியை எந்த மூலையில் வைத்தாலும் பயன் இல்லை, பெட்டிக்குள்ளேயே இரண்டு வரியும் ஒரே நிறமாகத் தெரியலாம்.

கோட்டு வரைபடத்தைத் தொடங்கி வைத்தவர் என்று சொல்லப்படும் வில்லியம் பிளேஃபேர், 1786இல் இங்கிலாந்தின் வாணிகத்தைப் பற்றி ஒரு வரைபட நூல் வெளியிட்டார். டென்மார்க், நார்வே நாடுகளோடு நடந்த வணிகத்தைக் காட்டும் படத்தில் இரண்டு கோடுகள். பெட்டி கிடையாது. இறக்குமதிக் கோட்டின் மேலேயே அது இறக்குமதி என்றும், ஏற்றுமதிக் கோட்டின் மேலேயே அது ஏற்றுமதி என்றும், கோட்டின் வளைவோடு சேர்ந்து வளைந்து ஓடும் எழுத்து. இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருக்கும் பரப்பிலும் இலாபமா நட்டமா என்று எழுதியிருந்தது. காலி இடத்துக்கும் பொருள் உண்டு என்று தெரிந்த மனிதர். செப்புத் தகட்டில் செதுக்குபவரின் கைக்கு, எழுத்தை வளைப்பது பெரிய வேலையில்லை.

எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1858இல், கிரிமியப் போரில் வீரர்கள் எதனால் செத்தார்கள் என்பதை ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் விசிறி விசிறியாக வரைந்து காட்டியபோது, நீலம் தடுத்திருக்கக்கூடிய தொற்றுநோய், சிவப்பு போர்க்காயம், கறுப்பு மற்றவை என்பதைப் படத்தின் இடது கீழ்ப் பகுதியில் ஒரு பத்தியாக எழுத வேண்டியிருந்தது. விசிறியின் துண்டுகள் பல, ஒவ்வொன்றிலும் இதை எழுத இடமில்லை. இதுதான் பெட்டியின் நியாயமான தேவை என்று நினைக்கிறேன். ஒரே நிறம் படத்தில் பல இடங்களில் சிதறிக் கிடக்கும்போதும், ஒரே விளக்கம் ஆறு சின்னப் படங்களுக்குப் பொதுவாக இருக்கும்போதும் பெட்டி வேண்டும். நான்கே கோடுகளுக்குப் பெட்டி போடுவது வரைகிறவனின் சோம்பல். ஒரே ஒரு வரியில் 'லெஜண்ட்' என்று கட்டளையிட்டால் முடிந்துவிடுகிறதே.

அடுத்த கூட்டத்துக்கு பிளேஃபேர் வழியில் போனேன். பெட்டியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில், டிசம்பர் 31க்குப் பக்கத்தில், அதே நிறத்தில் அந்த ஏரியின் பெயர். தாவல் இல்லை, நினைவில் ஏந்த வேண்டியதில்லை, நிறம் பிரியாவிட்டாலும் பெயர் பிரியும்.

பெயரைத் தமிழில் எழுதினேன். முதலில் எல்லாம் வெற்றுக் கட்டங்களாக வந்தன. நிரலகத்தோடு வரும் டெஜாவு எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ தமிழ் எழுத்துருவைக் கொடுத்தேன். கட்டங்கள் போய் எழுத்து வந்தது, ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. செம்பரம்பாக்கத்தின் ஒற்றைக் கொம்பு சகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. சோழவரத்திலும் அதே கூத்து. புழலில் உகரக் குறி பகரத்தோடு ஒட்டாமல் தனியே தொங்கியது. கணினி கொம்பைச் சேமிக்கும் வரிசை நாம் எழுதும் வரிசை இல்லை. மெய்யைத்தான் முதலில் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது அதை இடம் மாற்றி ஒட்டவைக்க இடையில் ஒரு பொறி வேண்டும். நான் பயன்படுத்திய பதிப்புகளில் மேட்பிளாட்லிப் அந்த வேலையைச் செய்வதில்லை. எழுத்தை வந்த வரிசையிலேயே அடுக்கிவிடும். கடைசியில் நான்கு பெயர்களையும் வேறு செயலியில் எழுதிச் சின்னப் படங்களாக்கி, கோட்டு முனைகளில் ஒட்டினேன். இருபத்தோராம் நூற்றாண்டில் செப்புத் தகட்டு வேலை.

ஒட்டியபின்தான் அடுத்த சிக்கல் தெரிந்தது. டிசம்பர் கடைசியில் புழலின் கோடும் செம்பரம்பாக்கத்தின் கோடும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் முடிந்தால், பெயர் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடுகிறது. ஒன்றைக் கொஞ்சம் மேலே தள்ள வேண்டும், அது அடுத்ததை இடிக்கும், அதையும் தள்ள வேண்டும். நிலப்படம் வரைபவர்களுக்கு இது தலைமுறை தலைமுறையான தலைவலி. இருபது ஊர்கள், ஒவ்வொரு ஊரின் பெயரையும் புள்ளியின் நான்கு பக்கங்களில் ஒன்றில் எழுதலாம் என்றால், மொத்தம் சுமார் 1.1 லட்சம் கோடி வழிகள். இவற்றில் எந்தப் பெயரும் எதையும் இடிக்காத ஒரு வழியை விரைவாகக் கண்டுபிடிக்க எல்லாப் படங்களுக்கும் பொருந்தும் செயல்முறை ஒன்று இருக்குமா? ஃபோர்மன், வாக்னர் இருவரும், தனியாக மார்க்ஸ், ஷீபர் இருவரும், 1991இல் இது கணினி அறிவியலின் மிகக் கடினமான கணக்குகளின் வகுப்பைச் சேர்ந்தது என்று நிறுவினார்கள். அந்த வகுப்புக்கு விரைவான பொதுவழி எதையும் இன்றுவரை யாரும் கண்டதில்லை. பெட்டிக்கு ஏன் ஒன்பதே இடங்களோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பது இப்போது புரிகிறது. என் நான்கு பெயர்களும் ஒரே நேர்க்கோட்டில் மேலும் கீழுமாக மட்டும்தான் நகர முடியும் என்பதால் எனக்கு அவ்வளவு கஷ்டமில்லை. கையாலேயே தள்ளிவிட்டேன்.

அந்த அம்மா இந்த முறையும் மூன்றாவது வரிசையிலேயே இருந்தார். படம் திரையில் வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது செம்பரம்பாக்கமா? இவ்ளோ செங்குத்தாவா ஏறுச்சு?"

"ஆமாம்மா. அதுதான் நவம்பர்."

அவர் அதற்குமேல் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், வெள்ளம் வந்த அந்த வாரம் தங்கள் தெருவில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

நிரலில் பெயர்களை நகர்த்திய நான்கு எண்களும் அப்படியே இருக்கின்றன. பூண்டிக்கு 0, சோழவரத்துக்கு 0, புழலுக்குக் கீழே 90, செம்பரம்பாக்கத்துக்கு மேலே 120. பக்கத்தில் எனக்கே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன்: "2015க்கு மட்டும். வேறு ஆண்டுக்கு ஓட்டும் முன் டிசம்பர் 31ஐப் பார்."